வெண்ணெய் இறங்கி வந்த வழி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலில் பிரயாணம் செய்த அன்பர்களுக்கு அதன் நடை நினைவிருக்கும். தண்டவாளங்களின் நடுவே பதித்த இரும்புப் பற்களைச் சக்கரத்தின் பற்கள் கவ்விப் பிடிக்க, பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் வண்டி மூச்சிரைக்க ஏறுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் என் பேரனை அழைத்துக்கொண்டு அவ்வழியே சென்றேன். பெட்டியின் மீது எழுதியிருந்த 'நீலகிரி' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்த சிறுவன், "தாத்தா, நம் வீட்டு ரொட்டிப் பொட்டலத்தின் பெயரை ஏன் மலைக்கு வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டான்.

உடன் இருந்தவர்கள் நகைத்தார்கள். எனக்கும் முதலில் நகைப்புத்தான் வந்தது. பிறகு சற்றே வருத்தமும் வந்தது. பெங்களூரில் பிறந்து வளர்ந்த குழந்தைக்கு மலைக்கு முன்னால் கடை அறிமுகமாகிவிட்டது. அது அவன் குற்றமன்று. அந்தக் கடை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அவனுக்குச் சொல்லவில்லை. அன்று வண்டி மலை ஏறி முடிவதற்குள் அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

இம்மலைப் பாதையில் ரயில் குன்னூர் வரை வந்தது 1899-ஆம் ஆண்டில். உதகமண்டலத்தை அது எட்டியது 1908-இல்தான். அக்காலத்தில் முத்துசாமி முதலியார் என்பவர் தபால் ஓட்டக்காரராகப் பணியாற்றினார். கோயமுத்தூரிலிருந்து மலை மீது வசித்த ஆங்கிலேய உத்தியோகஸ்தர்களுக்குக் கடிதங்களையும் காசோலைகளையும் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. மலையிலிருந்து திரும்பும்போது வெண்ணெய் முதலிய பொருள்களை வாங்கி வருமாறு கீழேயிருந்த துரைமார்கள் அவரிடம் சொல்லி அனுப்புவது வழக்கமாம். ஏறும்போது கடிதம், இறங்கும்போது வெண்ணெய். இந்தச் சிறு உபகாரத்தில் ஒரு வியாபாரம் இருப்பதைக் கண்டுகொண்ட அவர், 1905-இல் குன்னூர் வண்ணாரப்பேட்டையில் வெண்ணெய்க் கடை தொடங்கினார். 'நீல்கிரீஸ்' என்று பின்னாளில் பெயர்பெற்ற ஸ்தாபனத்தின் மூலம் அதுவே.

வெண்ணெய்க்கு மலை ஏன் என்று பேரன் கேட்டான். குன்னூர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. சமவெளியின் சித்திரை வெயிலில் வெண்ணெய் கிண்ணத்திலேயே உருகி எண்ணெயாகிவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்நாளில் அதைக் கட்டியாக வைத்துக் காக்க வல்லது மலைக்குளிர் ஒன்றே. இயற்கை இலவசமாகக் கொடுத்த குளிரே அந்தக் கடையின் முதல் மூலதனம்.

1936-இல் அந்த வியாபாரம் பெங்களூர் பிரிகேட் ரோடுக்கு வந்தது. இடத்தேர்வில் ஒரு நுட்பம் உண்டு. 1809-இல் உருவான பெங்களூர் தண்டு, ஆங்கிலேயப் படை வாழ்ந்த தனி நகரம். அப்படையோடு வந்த தமிழர்கள் ஏராளம். சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், சமையற்காரர்கள், வண்டியோட்டிகள், வியாபாரிகள் என்று பலவகையினர். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இன்று தமிழ் ஒலிப்பதற்கு அதுவே தொடக்கம். பிரிகேட் ரோடு ரெஸிடென்ஸி ரோடைச் சந்திக்கும் முனையில், முதல் உலகப் போரில் மாண்ட மதராஸ் பயனியர் படையினரின் நினைவுத்தூண் நிற்கிறது. அவ்வழியே நடப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். வெண்ணெயும் ரொட்டியும் கேட்கும் வெள்ளையர் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் நிறைந்த வீதிக்கே கடை வந்து சேர்ந்தது.

ஆனால் பதினோரு ஆண்டுகளில் பெரிய சோதனை வந்தது. 1947-இல் நாடு விடுதலை பெற்றது, வெள்ளையர் கப்பலேறினர். யாரை நம்பிக் கடை வைத்தாரோ அந்த வாடிக்கைக்காரர்களே ஊரை விட்டுப் போனால் வியாபாரி என் செய்வான்? எஞ்சியிருந்தவர்கள் நம்மவர்கள். நமக்கோ வெண்ணெய் என்பது வீட்டில் மத்தால் கடைந்து எடுப்பது. ரொட்டி என்பது காய்ச்சல்காரன் உண்பது! காசு கொடுத்து இவற்றை வாங்கும் வழக்கத்தை நம் வீடுகளுக்குப் பழக்கினால்தான் கடை பிழைக்கும். அவ்வாறே பிழைத்தது.

நிறுவனரின் புதல்வர் சென்னியப்ப முதலியார் மேல்நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள பெருங்கடைகளைக் கண்டு திரும்பி, அம்முறையைப் பிரிகேட் ரோடில் கொணர்ந்தார். வாடிக்கைக்காரர் தாமே கூடையை ஏந்தி, தட்டுகளிலிருந்து வேண்டியதை எடுத்து, வாசலில் கணக்குத் தீர்க்கும் முறை அது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 1916-இல் 'பிக்லி விக்லி' என்ற கடையில் தொடங்கி வைத்தது.

இந்தக் கடைக்குள் என் தாயார் முதன்முதலாக நுழைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கம்; நான் பள்ளிச் சிறுவன். வாசலில் தயங்கி நின்று, "கடைக்காரர் கொடுக்காமல் நாமாகவே எடுப்பதா? பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று தந்தையாரிடம் மெல்லக் கேட்டார். உள்ளே சென்றபின் ஒரு பிஸ்கோத்துப் பொட்டலத்தை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். யாரும் அதட்டவில்லை. "வாங்குகிறாயா, இல்லையா?" என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. கன்னடம் சரளமாக வராத பெண்மணிக்கு, வாய் திறவாமலே பொருள் வாங்கலாம் என்பது சிறிய விடுதலையன்று. பொட்டலத்தின் மேல் எடையும் விலையும் அச்சிட வேண்டுமென்ற சட்ட விதிகள் 1977-இல் வந்தபின், பேரம் பேசத் தெரியாதவர்களின் கூச்சம் இன்னும் குறைந்தது.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த செட்டியார் ஒருவர் இருந்தார். என் தந்தையார் நோயுற்றுச் சம்பளமின்றிக் கிடந்த மூன்று மாதமும் அவர் அரிசியும் பருப்பும் கணக்கில் எழுதிக் கொடுத்தார். ஒரு நாளும் வாசலில் வந்து நின்று கேட்டதில்லை. பெருங்கடையில் மரியாதை உண்டு, சுத்தம் உண்டு, சரியான எடை உண்டு, கடன் இல்லை. நம் முகத்தையும் குடும்பத்தையும் அறிந்தவர் அங்கே இல்லை. அன்னிய ஊரில் குடியேறியவனுக்கு இரண்டும் தேவைப்படுகின்றன. தலை நிமிர்ந்து வாங்க ஓரிடம். தலை தாழ்ந்த நாளில் கை கொடுக்க ஓரிடம். முன்னதற்கு ஆசைப்பட்டுப் பின்னதைக் கைவிட்டோமோ என்று நான் எண்ணுவதுண்டு.

நீல்கிரீஸின் பிற்காலமும் சிந்திக்கத்தக்கது. ஈரோட்டில் பால் பண்ணை கண்டு, தென்னாட்டு நகரங்களில் கிளைகள் பரப்பியது. பின்னர் ஆக்டிஸ் என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. 2014-இல் ஃபியூச்சர் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று சுமார் 300 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. அக்குழுமமும் கடன்பளுவில் சிக்கியது. அதன் முதன்மையான சில்லறை வணிக நிறுவனம் 2022-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. கால்நடையாகத் தொடங்கிய வியாபாரம் கைமாறிக் கைமாறிச் சென்றது. குடும்பத்தின் கையை விட்டு அகன்றது. பெயரும், அதனோடு சேர்த்து எழுதிய 1905 என்ற ஆண்டும் உடன் சென்றன.

பெயரை விலைக்கு விற்கலாம், வாங்கலாம். அந்தப் பெயருக்கு மதிப்புத் தேடித் தந்த உழைப்பை அப்படி வாங்க முடியாது. அதை நினைவில் வைத்திருப்பவர்களிடமே அது தங்குகிறது. நம் குடும்பங்களிலும் இத்தகைய கதைகள் இருக்கின்றன. தாத்தா எந்த ஊரிலிருந்து, எதைச் சுமந்து, யாரை நம்பி இங்கு வந்தார் என்பதை நாம் சொல்லாவிட்டால், பிள்ளைகள் பொட்டலத்தின் மேல் எழுதியதை மட்டுமே படிப்பார்கள்.

குன்னூர் நிலையத்தில் இறங்கினோம். பனிமூட்டம் தண்டவாளத்தின் மேல் தவழ்ந்துகொண்டிருந்தது. பேரன் கைகளை உரசிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தக் குளிரைத்தான் அவர் விற்றாரா, தாத்தா?" என்றான்.

இம்முறை நான் நகைக்கவில்லை. "ஆமாம் அப்பா, குளிரையும் தம் கால்களின் உழைப்பையும்" என்றேன்.