கார்த்திகைக் கண்மாய்

புதுக்கோட்டைச் சீமைக்கு வற்றாத ஆறு என்று ஒன்று வாய்க்கவில்லை. கிழக்கே அறந்தாங்கிப் பக்கத்தில் கல்லணைக் கால்வாயின் கடைமடை வந்து எட்டிப் பார்ப்பதைத் தவிர, காவிரிக்கும் இம்மாவட்டத்துக்கும் அதிக உறவில்லை. பழைய கோனாட்டுக்கும் கானாட்டுக்கும் எல்லையாக விளங்கிய வெள்ளாறோ ஆண்டின் பெரும்பகுதி வெண்மணலை விரித்துக்கொண்டு கிடக்கும். ஆகவேதான் இங்கே குடியேறி உழத் தொடங்கிய முன்னோர், வானம் தருகிற நீரை ஓடவிடாமல் மறித்து நிறுத்தும் வித்தையைக் கற்றனர். இன்றும் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ளன. வடமாவட்டத்தார் ஏரி என்பதையே நாம் கண்மாய் என்கிறோம்.

இக்கண்மாய்களைக் காண வெளியூரார் பெரும்பாலும் கோடையில் வருகின்றனர். நீர் முழங்காலளவுக்கு வற்றியதும் ஊர்ப்பெரியவர் துண்டை வீச, கரையில் காத்திருக்கும் ஆயிரம்பேரும் ஒரே மூச்சில் இறங்கி ஊத்தாவும் கச்சாவுமாக மீன் அள்ளுகிற மீன்பிடித் திருவிழாவைச் செய்தித்தாளில் படமாகப் பார்த்திருப்பீர்கள். அது ஆரவாரம். அதன் அழகு அதற்கு உண்டு. ஆனால் கண்மாயைக் கண்மாயாகக் காணவேண்டுமாயின் கார்த்திகை, மார்கழியில் வரவேண்டும். ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே கொண்டுவந்து கொட்டுகிறது. அந்நாள்களில் நீர் நிறைந்து, கலங்கல் தெளிந்து, காற்று ஓய்ந்த காலைப் பொழுதில் கண்மாய் ஒரு கண்ணாடி.

மாவட்டத்துக்குக் கடற்கரையும் உண்டு. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கும். முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டினூடே படகில் சென்று வரலாம். அவற்றைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.

திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள், உபதேசியாரும் பீடச் சிறுவர் நால்வரும் உடன்வர, நாம் கவிநாட்டுக் கண்மாய்க்குச் சென்றோம். புதுக்கோட்டை நகரை ஒட்டிப் பரந்து கிடக்கும் இது மாவட்டத்தின் பெரிய கண்மாய்களுள் ஒன்று. கரைமேல் ஏறி நின்றபோது கிழக்கு வெளுத்திருக்கவில்லை. நீரின்மேல் வெண்புகைபோல் மூடுபனி படர்ந்திருந்தது. எங்கோ நாமக்கோழிகள் குரல் கொடுத்தன. மற்றபடி ஒலியே இல்லை. நால்வரும் வழியெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர்கள். கரைமேல் ஏறியதும் தாமாகவே வாய் மூடினர்.

மூடுபனிக்குள் முதலில் ஒரு தலை தெரிந்தது, பிறகு தோள், பிறகு அகன்ற கரிய வளையம் ஒன்று. கண்மாய் மீனவர்க்குப் படகு என்பது பெரும்பாலும் இதுவே. லாரிச் சக்கரத்தின் பழைய ரப்பர் டியூபில் காற்றடைத்து, நடுவே கயிறு பின்னி, அதன்மேல் சாக்கு விரித்து அமர்ந்துகொள்கின்றனர். கையளவு பலகைகள் இரண்டே துடுப்பு. தெர்மோகோல் கட்டிகளைச் சாக்கில் பொதிந்து தெப்பம் கட்டிக்கொள்வோரும் உண்டு. மரப்படகுக்கு இங்கே வேலை குறைவு. ஆண்டில் நாலைந்து மாதமே நீர் நிற்கும் கண்மாய்கள் பல. மற்ற மாதங்களில் படகை வெயிலில் கிடத்தினால் பலகை வெடித்துவிடும். டியூபையோ காற்றை இறக்கிச் சுருட்டி, மிதிவண்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஏழையின் புத்தி எத்துணை நேர்த்தியானது, பாருங்கள்!

முன்மாலையில் விரித்துவைத்த தங்கூசி வலையை விடியலில் எடுப்பது வழக்கம். டியூபில் மிதந்தபடியே ஒருவர் வலையைக் கை கையாக இழுத்து, சிக்கிய மீனைக் கழற்றி, இடுப்பில் கட்டிய பைக்குள் போடுவதை அரைமணி நேரம் பார்த்து நின்றோம். கரையேறிய அவர் கைகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. "மழ பேஞ்ச தண்ணி சாமி, எலும்பத் தொடும்" என்றார். அவ்வளவுதான் அவர் முறையீடு.

குளிர்காலத்து மீன்பிடிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. மீனுக்குத் தன் உடலுக்கென்று தனி வெம்மை கிடையாது. நீரின் வெப்பம் எதுவோ அதுவே அதன் வெப்பம். நீர் குளிர்ந்தால் அதன் பசியும் மந்தப்படும், ஓட்டமும் குறையும். கனடாவிலும் பின்லாந்திலும் ஏரி பாறையாக உறைந்துவிட, மக்கள் அதன்மேல் நடந்துசென்று பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் இறக்குகின்றனர் என்று சிறுவரிடம் சொன்னோம். நம் ஊர்க் குளிர் அதன் முன்னே விளையாட்டுப் பொருள். ஆயினும் மார்கழி விடியலில் நம் மீன்களும் சோம்பிக் கிடக்கின்றன. எனவே தூண்டில்காரர் அவசரப்படுவதில்லை. வெயில் ஏறிக் கரையோர நீர் சற்றே இளஞ்சூடு கொண்டபின் வந்து குந்துகின்றனர். மூங்கில் கழி, நரம்பு, தக்கைக்கு மயிலிறகின் தண்டு, இரைக்கு மண்புழு. விராலுக்கு மட்டும் சிறு தவளை. மயில்களுக்குப் பெயர்போன விராலிமலை இம்மாவட்டத்திலேயே இருப்பதால் தக்கைக்குப் பஞ்சமில்லை என்று உபதேசியார் வேடிக்கையாகச் சொன்னார்.

விராலைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நீருக்குள் வாழ்ந்தாலும் இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும் மீன் அது. அதனால்தான் சேற்றிலும் சிறிது காலம் உயிர் பிடித்துக் கிடக்கிறது. சந்தைக் கூடையிலும் துள்ளுகிறது. புதுத்தண்ணீர் வந்ததும் கரையோரக் கோரைகளுக்கிடையே முட்டையிடும். குஞ்சுகள் செந்நிறமாகத் திரளாய் மேலே சுழன்று திரிய, தாயும் தந்தையும் கீழே காவல் சுற்றும். மற்ற மீன்கள் பெரும்பாலும் முட்டையிட்டதும் போய்விடும். விரால் குடும்பம் நடத்துகிறது எனலாம். இந்தக் காவலே அதற்குக் கேடாகிறது. செந்நிறத் திரளைக் கண்டவுடன் அதன் நடுவே தவளையை இறக்கினால், குஞ்சுகளைக் காக்கச் சீறி வரும் தாய் தூண்டிலைக் கவ்விவிடுகிறது. பிறகு குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் ஒரே நாளில் தீர்த்துவிடும். 'குஞ்சோடு திரிகிற விராலைத் தொடாதே' என்று முன்பெல்லாம் பெரியவர்கள் பிள்ளைகளைக் கண்டிப்பார்கள். இப்போது கிலோவின் விலை கண்டிப்பை வென்றுவிட்டது.

வலையில் வந்தவற்றுள் பெரும்பகுதி ஜிலேபிக் கெண்டையும் கட்லாவும் ரோகுவுமே. இவற்றில் எதுவும் இம்மண்ணுக்கு உரியதன்று. கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை. ஜிலேபியின் தாயகம் ஆப்பிரிக்கா. 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று அது இல்லாத குட்டையே இல்லை என்னும் அளவுக்குப் பெருகிவிட்டது. அயிரை, குறவை, உளுவை ஆகிய பழைய குடிகளுக்கு இடம் குறுகிவிட்டது. ஒன்றையும் மறைக்காமல் சொன்னால், வெள்ளிக்கிழமை ஒறுத்தலுக்கு மீன் வாங்கும் நம் இல்லங்களில் குறைந்த செலவில் குழம்பு மணப்பது இந்த ஜிலேபியால்தான்.

மீன் பிடிக்கும் உரிமையும் எல்லார்க்கும் பொதுவன்று. மழை முடிந்து நீர் நிலைத்ததும் மீன்பாசி ஏலம் விடுகின்றனர். எடுத்தவர் குஞ்சு விட்டு, காவல் வைத்து, கோடைக்குள் பிடித்துத் தீர்க்கவேண்டும். மழை பொய்த்தால் முதலே போய்விடும். டியூபில் மிதக்கிறவர் பெரும்பாலும் குத்தகைதாரரிடம் கூலிக்கு வலை இழுப்பவர். ஆயினும் கலிங்கு வழிகிற நாள்களில் வாய்க்காலில் ஏறிவரும் கெளுத்தியையும் குறவையையும் ஊர்ப்பிள்ளைகள் கூடையால் கோரிக்கொண்டு ஓடுவதைப் பல ஊர்களில் எவரும் தடுப்பதில்லை. எழுதாத சட்டம் சில, எழுதிய சட்டத்தைவிட இரக்கமுடையவை.

நிற்க. இச்சீமையின் பழைய கண்மாய்களில் கரைக்குச் சற்று உள்ளே நீர் நடுவில் இரு கற்றூண்கள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பலர் அதை ஏதோ மண்டபத்தின் எச்சம் என எண்ணுகின்றனர். அது குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் கல்தொட்டி. அதன் மேல்பகுதியில் நீரோடித் துளை, கீழே தரையை ஒட்டிச் சேறோடித் துளை. அடைப்புக் கல்லைத் தூக்கினால் மேல்துளை வழியே பாசனநீர் இறங்கும். கீழ்த்துளை வழியே வண்டலும் உடன் இழுபட்டுக் கரைக்கு அடியில் செல்லும் கல்வாய்க்கால் ஊடாக வயலுக்குப் போகும். கண்மாய் தன்னைத் தானே தூர்வாரிக்கொள்ளும் ஏற்பாடு! சில தூண்களில் அதை நிறுவியவர் பெயரையும் வெட்டிவைத்துள்ளனர். ஆனால் அடைப்பைத் தூக்க யார் போவது? நிறைகண்மாயில், இதே கார்த்திகைக் குளிரில், ஒருவர் நீந்தியோ தெப்பத்திலோ சென்று மூழ்கித் திறக்கவேண்டும். நீரின் இழுப்பில் சிக்கி மீளாதோரும் உண்டு. ஊர் உண்ட சோற்றுக்குப் பின்னால் அப்படிப்பட்ட ஒருவர் மூச்சு இருந்திருக்கிறது.

அந்த ஆபத்து வேறு உருவில் இன்றும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பங்கில், கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டக் களிமண்ணும் கோரைப்புல்லும் எடுக்கச் சிறுவர் மூவர் கண்மாய்க்குப் போயினர். கரையில் யாரோ விட்டுவைத்த டியூபைக் கண்டதும் ஆசை. கண்மாயின் உள்வாயில் பொக்லைன் வைத்து மண் அள்ளிய குழிகள் நீருக்குள் மறைந்திருந்தன. முழங்கால் ஆழம் என்று இறங்கிய இடத்துக்கு அடுத்த அடியில் இரண்டாள் ஆழம். இருவர் கரையேறினர். மூன்றாமவனுக்கு வயது பதின்மூன்று. அவ்வாண்டு குடில் பாதியிலேயே நின்றது. அவன் தாய் அதைக் கலைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால், மூன்று அரசர் திருநாள் கடந்தும் அது அப்படியே இருந்தது. அரையாண்டு விடுமுறைக்கு அம்மாச்சி ஊருக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதைப் பொருட்படுத்த வேண்டுகிறோம். பழைய கண்மாயின் தரை தாம்பாளம்போல் சரிந்து போகும். இப்போதைய தரையை நம்புவதற்கில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. மழை பெய்தாலும் கண்மாய் நிறைவதில்லை என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. மேட்டு நிலத்திலிருந்து நீரைக் கொண்டுவரும் வரத்துவாரிகள் பல இடங்களில் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கின்றன; உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டுகிறது. மாவட்டத்துக் காடுகளில் பெரும்பரப்பில் தைலமரம் நட்டு, இடையே வரப்பெடுத்து மழைநீரை அங்கேயே தேக்கிவிடுவதால் கண்மாய்க்கு வரத்து நின்றுபோயிற்று என்பது உழவர்களின் நெடுநாளைய குற்றச்சாட்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனபின், கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் எவருக்கும் காத்திராமல் தம் கைப்பணத்தைப் போட்டுக் குளங்களைத் தூர்வாரத் தொடங்கினர். சமஸ்தான காலத்தில் 1878 முதல் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியார் நகரத்துக் குளங்களைச் சீர்படுத்தியதை இன்றும் புகழ்கிறோம். அவருக்குக் கருவூலம் இருந்தது. இந்த இளைஞர்களுக்கு அதுவும் இல்லை.

கரையிலிருந்து நேரே சித்தன்னவாசலுக்குச் சென்றோம். நகரிலிருந்து ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர். சுற்றுலா வருவோர்க்கென அங்கே பூங்காவும் சிறு படகுக்குளமும் அமைத்துள்ளனர். படகு ஓடுவதும் கிடப்பதும் மழையைப் பொறுத்தது. சிறுவர் கால்மிதிப் படகைக் கேட்டு அடம்பிடிக்குமுன் அறிவர் கோயிலுக்கு அழைத்துச்சென்றோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் புதுப்பிக்கப்பட்ட சமணக் குடைவரை அது. அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுவதும் ஒரு தாமரைத் தடாகம்! இலைகளுக்கிடையே மீன்கள், அன்னங்கள், நீரில் இறங்கிய எருமைகள், யானைகள். ஆடவர் மூவர் நீரில் நின்று மலர் கொய்கின்றனர். சமண மரபில் இது மறுமைப் பேற்றுக்குரியோர் மலர் பறிக்கும் புனிதப் பொய்கை என்று அறிஞர் கூறுவர்.

"சாமி, இத்தனை மீன் இருக்கே, ஒருத்தர் கையிலும் தூண்டில் இல்லையே" என்றான் சிறுவரில் இளையவன். உயிர்க்கொலை விலக்கிய சமயத்தார் தீட்டிய குளம் என்று விளக்கினோம். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் காலையில் பார்த்த டியூப்காரருக்கு அங்கே வேலை இராதே என்று கவலைப்பட்டான். உபதேசியார் எம்மைப் பார்த்தார். நாம் விதானத்தைப் பார்த்தோம்.

போக நினைப்போர்க்கு ஒரு சொல். கார்த்திகை நடுவிலிருந்து தை முடிய நல்ல காலம். காதுக்குத் துணி வேண்டும். காய்ச்சிய பாலோ காப்பியோ பாத்திரத்தில் கொண்டுபோனால் வலை இழுக்கிறவருக்கும் ஒரு வாய் கொடுக்கலாம். மீன் வேண்டுமாயின் பொழுது விடிவதற்குள் கரையில் இருங்கள். ஏழரைக்குமேல் அங்கே ஈரச் சாக்கும் செதிலும் மட்டுமே கிடக்கும்.