மடித்து வைக்கிற துவக்கு நமக்கு எதற்கு?

புத்தகத்துக்கும் படத்துக்கும் விமர்சனம் எழுதுகிற நாங்கள் இந்தத் தடவை ஒரு துவக்குக்கு எழுதுகிறோம். பொழுதுபோக்குக்காக இல்லை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எங்கள் கரையோர ஊர்களில் எங்கே நாலு பொடியன்கள் கூடினாலும், நாட்டில் ஒரு கலவரக் கதை வந்த மறுநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும்: "ஊட்டுக்கு ஒண்டு இருந்திருந்தா இப்பிடி நடந்திருக்குமா மச்சான்?" இப்போது அந்த 'ஒண்டு'க்கு ஒரு உருவமும் கிடைத்துவிட்டது. முதுகுப் பையிலிருந்து எடுத்து, விரித்து, 'டக்' என்று பூட்டுகிற சின்னக் கார்பைன். ஃபோனுக்கு ஃபோன் அந்த வீடியோக்கள்தான் ஓடுது.

நாங்களும் பப்ஜி விளையாடி வளர்ந்த ஆக்கள்தான். யூசி எது, யூ.எம்.பி. எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். ஆனால் விளையாட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி படுத்திருக்க மாட்டாள். மறுநாள் சுபஹோடு பொலிஸ் வந்து கதவைத் தட்டாது. அதனால் இந்தச் சாமானை எவ்வளவு நம்பலாம், எதற்கு உதவும் என்று நியாயமாக நிறுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

முதலில் சாமான் என்ன என்று பார்ப்போம். பிஸ்டலுக்குப் போடுகிற ரவையையே போட்டு, தோளில் அண்டி வைத்துச் சுடுகிற நீளத் துவக்கு. ரவை பெரும்பாலும் 9 மி.மீ. வீடியோக்களில் வருவது அனேகமாக அமெரிக்காவின் புளோரிடாவில் கெல்-டெக் கொம்பனி 2001இல் கொண்டுவந்த சப்-2000. முன்பாதியை மேலே தூக்கிப் பின்னால் மடித்தால் சுமார் 16 அங்குலம்தான். பாரம் இரண்டு கிலோவும் இல்லை. க்ளொக் பிஸ்டலின் மகசீனே இதற்கும் பொருந்தும். குழாய் 16 அங்குலத்துக்குச் சற்று மேல். அந்த அளவுக்குக் காரணம் சட்டம். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழாயுள்ள ரைஃபிளை அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியாகப் பதிய வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டாமல் எவ்வளவு சின்னதாக்கலாம் என்று யோசித்ததில்தான் இப்படி நடுவில் மடிகிற உடம்பு வந்தது.

இனி நம்பகம். இந்த வகைத் துவக்கின் உள்வேலை எளிது. ரவை வெடிக்கிற உதைப்பே பின்னால் இருக்கிற பாரமான இரும்புக் கட்டையைத் தள்ளும், சுருள்கம்பி அதைத் திருப்பி அனுப்பும், அது அடுத்த ரவையை ஏற்றும். வாயுக் குழாய் இல்லை, சுழன்று பூட்டுகிற தலை இல்லை. பாகம் குறைந்தால் பழுதும் குறையும். இந்த விஷயத்தில் நல்ல புள்ளி போடலாம். குறை என்றால், கட்டை பாரம் என்பதால் சின்ன ரவைக்கும் உதைப்புக் கொஞ்சம் கூடத் தெரியும். மடிகிற மூட்டு எப்போதும் ஒரு பலவீனமான இடம், அங்கே ஆட்டம் வந்தால் குறியும் ஆடும். மேலே பார்வைக் கண்ணாடி பூட்டினால் மடிக்க முடியாது என்பது பெரிய முறைப்பாடாக இருந்தது. அதற்கு முன்பகுதியைச் சுழற்றி மடிக்கிற மாதிரி ஒன்று 2023இல்தான் வந்தது.

எங்கள் பக்கத்து நாட்டில் இதற்கு ஒரு மூத்த உறவுக்காரர் இருக்கிறார். பிரித்தானிய இராணுவம் 1953இல் ஏற்றுக்கொண்ட ஸ்டேர்லிங். அதையே இந்தியா கான்பூரில் தயாரித்தது. தமிழ்நாட்டில் பொலிஸ்காரர் 'கார்பைன்' என்று சொன்னால் பல காலம் அது இதுதான். மடிகிற தோள்கட்டை, பக்கவாட்டில் வளைந்த மகசீன், அதில் 34 ரவை. ஸ்டார் வோர்ஸ் படத்தில் வெள்ளைக் கவசப் படை தூக்கித் திரிகிற துவக்குகூட இந்த ஸ்டேர்லிங்கைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான். மண்ணும் தூசும் உள்ளே போனாலும் வழித்துத் தள்ளுகிற மாதிரி அதன் கட்டையில் சரிவான வரிகள் உண்டு. அதனால் பாலைவனத்திலும் சேற்றிலும் ஓடியது. ஆனால் அது கட்டையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி வைத்துச் சுடுகிற வகை. அப்படிப்பட்ட துவக்குகள் கைதவறி விழுந்தால், விழுந்த அதிர்ச்சியிலேயே கட்டை ஓடி வெடித்துவிடக்கூடும். புதிய மடிப்புக் கார்பைன்களில் கட்டை மூடியபடி நிற்பதால் அந்தப் பயம் குறைவு.

ஆக, இயந்திரமாகப் பார்த்தால் நம்பலாம். ஆனால் நம்பகம் என்பதை இயந்திரத்தோடு நிறுத்த முடியாது. 1984 ஒக்டோபர் 31, டில்லி. இந்திரா காந்தியைக் காக்க நின்ற இருவரில் ஒருவர் ரிவோல்வரால் சுட்டார். மற்றவர் ஸ்டேர்லிங் கார்பைனால் முப்பது ரவை சுட்டார். இரண்டுமே அரசு பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகள். துவக்கு சரியாக வேலை செய்தது, பிடித்திருந்த கை வேறு முடிவு எடுத்திருந்தது. நாட்டின் பிரதமருக்கே ஆள் பார்த்து, சோதித்துக் கொடுத்த கை அது. எங்கள் ஊர் வீட்டு அலுமாரியில் இருக்கிற ஒன்றை யார் யார் எடுக்கக்கூடும் என்பதை யார் சோதிப்பது?

அடுத்தது பயன். இங்கேதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. நீளக் குழாயும் தோள் அண்டும் இருப்பதால் பிஸ்டலைவிடக் குறி சுலபம். பழக்கமில்லாத ஆளுக்கும் ஐம்பது மீட்டர் சாத்தியம். நூறு மீட்டருக்கு மேல் ரவை விழத் தொடங்கும். சரி, இதெல்லாம் மடியாத கார்பைனுக்கும் உண்டு. மடிவதால் மட்டும் கூடுதலாகக் கிடைக்கிற பயன் என்ன? யோசித்து யோசித்து மூன்றுதான் வந்தது. ஒன்று, இடுக்கான வாகனத்துக்குள்ளும் விமானத்திலிருந்து குதிக்கும்போதும் தூக்கிப் போகலாம், அது படைக்காரர் தேவை. இரண்டு, துவக்குக்குத் தாராளமான சட்டமுள்ள நாட்டில் முகாமடிக்கப் போகிறவர் பையில் போட்டுப் போகலாம். மூன்று, யாருக்கும் தெரியாமல் கொண்டு போகலாம். வீட்டைக் காக்கிறவனுக்கு இந்த மூன்றில் ஒன்றும் தேவையில்லை. வீடு எங்கேயும் பயணம் போறதில்லையே.

மூன்றாவது பயன் எப்படி இருக்கும் என்று இந்த நாடு 2025 பெப்ரவரியில் பார்த்தது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி உடையில் வந்த ஒருவர், சாட்சிக் கூண்டருகே பாதாள உலகக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். ரிவோல்வர் வந்தது ஒரு சட்டப் புத்தகத்துக்குள், பக்கங்களை வெட்டிக் குழியாக்கி. சின்னதாக, மறைவாக இருப்பதன் நன்மை யாருக்குப் போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சரி, எங்கள் ஊர்களுக்கு வருவோம். கல்முனையில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு நடந்துபோகிற தூரம் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் எத்தனை வளவு, எத்தனை வீடு! ஒரு வீட்டுக் குசினியில் தாளிக்கிற வாசம் நாலு வீட்டுக்குப் போகும். 9 மி.மீ. ரவை குறி தவறினால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக்கூடியது. தகர வேலி, பலகைக் கதவு, சீட் கூரை இதெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை. சுனாமி வீட்டுத்திட்டங்களில் இன்னும் நெருக்கம். இரவு இரண்டு மணிக்கு, நித்திரைக் கலக்கத்தில், நிழலைப் பார்த்துச் சுடுகிற ஒருவனுக்கு முன்னால் இருப்பது கள்ளன் மட்டும் இல்லை. கள்ளனுக்குப் பின்னால் சாச்சி வீடு இருக்கிறது.

"வட்டைக்கு உதவுமே" என்றான் எங்களில் வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன். அம்பாறை மாவட்டத்தில் யானைக்குப் பயந்து காவல் இருக்காத வயல்காரர் யார்? அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சின்ன ரவை யானையை விழுத்தாது, விரட்டவும் செய்யாது. காயப்படுத்தி ஆத்திரமூட்டும். காயம்பட்ட யானை அடுத்த நாள் யாருடைய வாடிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பது வேறு. வனஜீவராசிகள் திணைக்களம் தருகிற யானை வெடியும், ஒழுங்காகப் பராமரித்த மின்வேலியும் செய்கிற வேலையை இது செய்யாது. பன்றிக்கு என்றால், லைசன்ஸ் எடுத்த சொட் கன் இருக்கிறது. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இன்றும் அதைத்தான் வருடா வருடம் புதுப்பித்து வைத்திருக்கச் சொல்கிறது. பன்றிக்கென்று கட்டுகிற கட்டுத்துவக்கில் கால் போன மனிதர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். மறைந்திருக்கிற துவக்கு ஆள் பார்த்து வெடிக்காது.

வைத்திருப்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. இந்தச் சாமானுக்கு இங்கே சாதாரண ஆளுக்கு லைசன்ஸ் கிடைக்காது. அப்படியென்றால் ஒளித்துத்தான் வைக்க வேண்டும். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்க வைத்தார்கள், செத்தவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல். தேங்காய் வெட்டுகிற கத்தியை எங்கே வைப்பது என்று உம்மாமார் தவித்த நாட்கள் அவை. அந்த நாட்களில் ஒரு வீட்டில் மடித்து வைத்த துவக்கு ஒன்று அகப்பட்டிருந்தால் அந்த வீட்டோடு கதை முடிந்திருக்குமா? ஊரே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

மூத்தவர்களிடம் பேசினால் இன்னொரு பக்கம் வரும். "1990ல நாங்க வெறுங்கையோட இருந்தம்" என்பார்கள். உண்மை. அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். சில நாளில் ஏறாவூர். அந்தப் பயத்தைக் காணாத நாங்கள் அதைச் சின்னதாகப் பேசக்கூடாது. எங்கள் ஆக்கள் ஊர்காவற்படையில் சேர்ந்ததும், கையில் சொட் கன்னும் பிறகு ரி-56உம் வந்ததும் அந்தப் பயத்தில்தான். ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அதே ஓகஸ்டில், சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனையில், கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டபோது ஊர்காவற்படையினர் மீதும் குற்றச்சாட்டு விழுந்தது. காவலுக்கு வந்த துவக்கு காவலோடு நிற்கும் என்று யாராலும் எழுதித் தர முடியவில்லை. அதன் கசப்பை இரண்டு ஊரும் இன்னும் சுமக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் 2018க்கு வர முடியும். அந்தப் பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை போட்டிருக்கு என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கடை, வாகனம், பள்ளிவாசல் எல்லாம் தாக்கப்பட்டன. ஒரு கிழமையில் திகன. அங்கே கடையில் ஒரு மடிப்புக் கார்பைன் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் வெடியில் கூட்டம் சிதறியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறோம். மறுகா? மறுநாள் நாடு முழுக்க ஓடுகிற செய்தியில் உடைந்த பள்ளிவாசல் இருக்காது. 'முஸ்லிம் கடைக்குள் துவக்கு' என்பதுதான் இருக்கும். மாத்திரைக் கதையை நம்பாதவர்களும் அதை நம்பியிருப்பார்கள், ஏனென்றால் அது உண்மையாக இருந்திருக்கும்.

அந்த இரவில் உண்மையில் எது இல்லாமல் போனது? கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக வராது. கூட்டம் நெருக்கிக் கேட்ட கேள்விக்கு அவர் விளங்காமல் ஆமோதித்தது வீடியோவாகி நாடெல்லாம் போனது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார்: அது வெறும் மாவுக் கட்டி. அந்த அறிக்கை வருவதற்குள் எல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

எங்கள் தீர்ப்பு இதுதான். இயந்திரமாக, மடிப்புக் கார்பைன் எளிதானது, இலேசானது, பெரும்பாலும் சொன்னபடி வேலை செய்யும். எங்கள் நெருக்கமான ஊர்களுக்கு, எங்கள் வயலுக்கு, எங்கள் பயத்துக்கு அதில் பயன் இல்லை. அதன் சிறப்பு மறைவதில் இருக்கிறது. எங்களுக்கோ எல்லாரும் பார்க்கக் கூடிய, கேட்கக் கூடிய பாதுகாப்புத்தான் வேண்டும்.

எங்கள் குழுவில் சிங்களத்தில் பிழையில்லாமல் நாலு வரி எழுதக்கூடியவர்கள் மூன்று பேர். அவர்கள் மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வகுப்பு எடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். ஊர்ப் பள்ளிவாசல்கள், பக்கத்துக் கோவில்கள், அம்பாறை விகாரை, பொலிஸ் நிலையம் எல்லாவற்றின் தொலைபேசி இலக்கங்களும் ஒரே தாளில் இருக்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். சேர விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். கொப்பியும் பேனையும் போதும்.