பழைய கல், புதிய சுவர்

இடிந்துபோன வழிபாட்டிடம் ஒன்றை மீண்டும் எழுப்பும்போது காக்கப்பட வேண்டியது எது? அதன் உருவமா, அதன் பயனா? வகுப்பில் மரபு குறித்துப் பேச்செழும்போதெல்லாம் கிழக்குப் பிரான்சிலுள்ள ரோன்ஷான் என்னும் சிற்றூரின் குன்றுத் தேவாலயம் என் நினைவுக்கு வரும். நேரில் கண்டதில்லை, நூல்களும் படங்களும் காட்டிய அளவே அறிவேன்.

ரோன்ஷான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் ஊர். அதையொட்டிய குன்றின்மேல் இடைக்காலந்தொட்டே மாதாவுக்கு ஓர் ஆலயம் இருந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று, மாதாவின் பிறந்தநாளில், சுற்றுவட்டார மக்கள் யாத்திரையாக அங்கே ஏறிச் செல்வர். பிரெஞ்சுப் புரட்சியை அடுத்துத் தேவாலயச் சொத்துகள் விற்கப்பட்டபோது, ஊர்க் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து அதை விலைக்கு வாங்கிக் காத்தன. 1913இல் இடி விழுந்து ஆலயம் எரிந்தது. 1920களில் மீண்டும் கட்டினர். 1944இல் நடந்த போரில் பீரங்கிக் குண்டுகள் அதையும் சிதைத்தன.

இம்முறை பணி லே கார்பூசியரிடம் வந்தது. சண்டிகர் நகரை வடிவமைக்க அவர் இந்தியாவுக்கு வந்துபோன அதே ஆண்டுகள்தாம் இவையும். அவர் சமய நம்பிக்கையாளர் அல்லர், முதலில் மறுத்துவிட்டார். பிறகு குன்றின்மேல் நின்று நாற்புறத் தொடுவானையும் கண்டு இசைந்தார்.

கட்டுமானப் பொருள்களைக் குன்றின்மேல் ஏற்றுவது அரிதாக இருந்தது. எனவே இடிந்த ஆலயத்தின் கற்களே புதிய சுவர்களுக்குள் சென்றன. ஆனால் கூரையைச் சுமப்பவை அக்கற்கள் அல்ல. சுவருக்குள் மறைந்துள்ள கான்கிரீட் தூண்கள். கூரையோ நண்டோட்டைக் கண்டு பிறந்த வடிவம். அதற்கும் சுவருக்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. இடைவெளி விடப்பட்டுள்ளது, அதன் வழியே ஒளி கசிகிறது. எஞ்சிய கற்களைக் கொண்டு, 1944இல் அங்கு மடிந்தவர்களுக்காகப் படிக்கட்டுப் பிரமிடு ஒன்றை அருகே எழுப்பினர்.

1955 ஜூன் 25 அன்று ஆலயம் திறக்கப்பட்டது. தங்கள் பழைய கோபுரத்தைத் தேடிய ஊராரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களது மனத்தாங்கலை அறியாமை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. இருமுறை இழந்தவர்கள் இழந்ததையே திரும்பக் கேட்பது இயல்பு. 1958இல் சுரங்கமும் மூடப்பட்டது. 2016இல் யுனெஸ்கோ அவ்வாலயத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் உலகப் புகழ் ஊராரின் கேள்விக்கு விடையாகாது.

விடை கிழக்குச் சுவரில் இருக்கிறது என்பது என் எண்ணம். அழிவிலிருந்து தப்பிய மாதாவின் பழைய மரச்சிலையை அங்கே ஒரு கண்ணாடி மாடத்தில் நிறுவியிருக்கிறார்கள். சிலையைத் திருப்பலாம். மற்ற நாள்களில் அது உள்ளே அமர்ந்திருப்போரைப் பார்க்கும். திருவிழா நாளில் வெளியே புல்வெளியில் திரளும் கூட்டத்தைப் பார்க்கும். அப்பக்கம் திறந்தவெளிப் பலிபீடமும் உண்டு. பழைய ஆலயத்தைக் கட்டிய கொத்தனார் இன்று வந்தால் தம் கட்டடத்தை அடையாளம் காணமாட்டார். ஆனால் அக்காலத்து யாத்திரிகர் ஒருவர் செப்டம்பரில் ஏறி வந்தால், தாம் எங்கே நிற்க வேண்டும் என்பதை எவரையும் கேளாமலே அறிந்துகொள்வார்.