சொட்டுநீர் கற்பித்த பாடம்

2019ஆம் ஆண்டின் முன்பனிக் காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, மோட்டாரின் பின்னே பூட்டி இழுக்கும் வண்டிவீடொன்றில் குடும்பத்தோடு சில வாரங்கள் தங்க நேர்ந்தது. அதனடியில் மூன்று தொட்டிகள் உள: ஒன்று நன்னீருக்கு, ஒன்று குளித்த நீருக்கும் கழுவிய நீருக்கும், மற்றொன்று மலக்கழிவுக்கு.

கடுங்குளிரில் குழாயினின்று நீரைச் சொட்டவிட்டால் அஃது உறையாது என்பது அந்நாட்டு இல்லத்தார் வழக்கம். யானும் அவ்வாறே செய்து, கழிவுநீர்த் தொட்டியின் அடைப்பையும் திறந்துவைத்து உறங்கினேன். விடியலிற் கண்டதென்னை! வெளிக்குழாயில் மெல்ல இறங்கிய நீர் படிப்படியாய் உறைந்து வழியை அடைத்துவிட, தொட்டி நிரம்பிக் குளியலறையில் அழுக்குநீர் எதிர்த்தேறியது. இரு நாள் என் சிறு மகளைக் குளிப்பாட்டவும் வகையின்றித் தவித்தோம்.

அயலிலிருந்த முதியவர் ஒருவர் காரணம் விளக்கினார்: “சிறு ஒழுக்கு விரைவில் உறையும், பெருந்திரள் மெல்லவே உறையும். ஆதலின் அடைப்பை மூடிவைத்து, தொட்டி நிரம்புந் தறுவாயில் ஒருங்கே வெளிவிடுக. நன்னீரைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு, அதனைக் கொணர்ந்த குழாயைக் கழற்றி வடித்துவிடுக. வண்டியின் அடிப்புறத்தைக் காற்றுப் புகாது சூழ அடைத்து, தொட்டிகளின்கீழ் மின்வெப்பத் தகடு பொருத்துக.” நீர் உறையுங்கால் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு விரிதலின், அசட்டையாயிருப்பின் குழாய்களே வெடிக்குமென்றும் எச்சரித்தார்.

அவர் சொற்படி நடந்தபின் துன்பமொன்றுமில்லை. வீட்டைக் காக்கும் வழக்கமே வண்டியைக் கெடுத்ததன்றோ? நீர் உறைதலைப் பற்றி நம் கல்லூரிப் பௌதிக வகுப்பில் விடையெழுதித் தேறியவன்தான் யான். அதன் பொருளை அறிந்ததோ அவ்விடியலிலேதான்.