தூங்கிய காரும் தூங்காத இரவும்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கார் தூங்கிக்கொண்டிருந்தது. 1989-ஆம் ஆண்டுத் தயாரிப்பான புரோட்டோன் சாகா அது. பால்மரம் வெட்டியே எங்களை ஆளாக்கிய என் தந்தையார், 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்தபோது அதைப் பழைய காராக வாங்கினார். கண் மங்கத் தொடங்கியதும் என் பெயருக்கே மாற்றி எழுதிக் கொடுத்தார். 2022-இல் அவர் காலமானார். அதே ஆண்டில் காரின் சாலை வரியும் காப்புறுதியும் முடிந்துபோயின. பள்ளிக்கூடம் போய்வர மோட்டார் சைக்கிளே போதும் என்று நானும் இருந்துவிட்டேன். காரைத் தார்ப்பாய் போட்டு மூடியதோடு சரி.

2024-இல் அம்மாவுக்கு நீரிழிவு அதிகமாகி, மாதம் இருமுறை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆயிற்று. மோட்டார் சைக்கிளில் அவர்களை உட்காரவைத்துப் போக முடியாது. வாடகைக் காருக்குக் கொடுத்து மாளவில்லை. "அப்பா வாங்கி வச்ச காடி சும்மாதானே கெடக்கு, ஏன்யா?" என்றார்கள் அம்மா.

பக்கத்து வீட்டு நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரி கொண்டுவந்து மாட்டினார். புதுப் பெட்ரோல் ஊற்றினோம். இருமியது, புகைத்தது, கடைசியில் ஓடியது. எனக்கோ அப்பாவே எழுந்து வந்துவிட்டதுபோல் மகிழ்ச்சி.

"ரோட் டேக்ஸ் இல்லையே," என்றேன்.

"தோட்டத்துக்குள்ளதானே சார், யாரு புடிக்கப் போறா?" என்றார் நண்பர்.

படித்தவன் நான், பிள்ளைகளுக்குச் சாலை விதிகளைச் சொல்லிக்கொடுப்பவன். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. செம்மண் சாலையில் காரை எடுத்துக்கொண்டு கோயில்வரை போனேன். திரும்பும்போது, செம்பனை வரிசைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் சட்டென்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதி தரைவரை போய்விட்டது, கார் நிற்கவில்லை. கைபிரேக்கை இழுத்து ஓரத்து மண்மேட்டில் காரை ஏற்றினேன். சைக்கிளுக்கும் காருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

சைக்கிளில் இருந்தவன் என் நான்காம் வகுப்பு மாணவன். அவனுக்கு நடந்தது ஒன்றும் புரியவில்லை. "சார், காடி நல்லா ஓடுதா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனின் தகப்பனார் குலை வெட்டுகிறவர். பையனுக்குக் கால் முறிந்திருந்தால் வைத்தியத்துக்கு யார் கொடுப்பது? அதைவிடப் பெரிதாக ஏதேனும் நடந்திருந்தால்? காப்புறுதி இல்லாத காரை ஓட்டிய வாத்தியார், என் சம்பளத்தைக் காட்டியா அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்லியிருப்பேன்?

தோட்டத்துச் சாலைக்குச் சட்டம் வராது என்பதும் தவறான எண்ணம். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் எந்தச் சாலையும் சாலைதான். காரை ஓட்டுகிறவர் பிறருக்கு ஏற்படுத்தும் மரணத்துக்கும் காயத்துக்கும் காப்புறுதி வைத்திருப்பது அதே சட்டத்தின்படி கட்டாயம். நாமோ அதைப் போலீசுக்குப் பயந்து வாங்கும் காகிதம் என்று நினைக்கிறோம்.

மறுநாளே முறைப்படி செய்வதென்று முடிவெடுத்தேன். சாலைப் போக்குவரத்து இலாகா முகப்பில் விசாரித்தேன். சாலை வரி முடிந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டால், காரைப் புஸ்பாகோம் சோதனைக்குக் கொண்டுபோய்த் தேற வேண்டும். பிறகு காப்புறுதி, அதன் பிறகே சாலை வரி என்றார்கள். மூன்று ஆண்டுகளைக் கடந்திருந்தால் இன்னும் அலைச்சல். இலாகாவிடமே தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

டவுனில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் தோட்டத்துக்கே வந்து காரைப் பார்த்தான். "ரொம்ப நாள் நின்ன காடிய உடனே ஸ்டார்ட் பண்ணவே கூடாது சார்," என்று எனக்கே பாடம் நடத்தினான். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே சில சொட்டு எண்ணெய் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசின்போல் படிந்திருந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிருந்தது; சக்கரங்களின் பிரேக் பம்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் இற்றுப்போயிருந்தன. செம்பனைக் காட்டு எலிகள் வயர்களைக் கடித்து வைத்திருந்தன. டயர் பூக்கள் தேயாமல் இருந்ததால் நல்ல டயர் என்று நான் நினைத்திருந்தேன். அவன் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினான். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். பக்கமெல்லாம் வெடிப்பு. நான்கையும் மாற்றினோம். எல்லாம் சேர்த்து 1,800 வெள்ளி ஆயிற்று. கூட்டுப் பணம் எடுத்துத்தான் கட்டினேன்.

சோதனை நிலையத்துக்குக் காரை ஓட்டிப்போகக் கூடாது என்பதால் இழுவை லாரியில் ஏற்றினோம். அங்கே சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். புகை, விளக்கு, பிரேக், காரின் அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். முதல்முறை கார் தேறவில்லை. பின்சக்கரங்களில் ஒன்றில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு விளக்கும் எரியவில்லை. பரீட்சையில் தோற்ற பையனைப்போல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எந்தப் பிரேக் அன்று என்னைக் கைவிட்டதோ, அதைத்தான் அவர்களும் கண்டுபிடித்தார்கள். சரிசெய்து இரண்டாம் முறை போனபோது தேறியது.

கார் பழையது என்பதால் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் கிடைத்தது. என் கார் சேதமானால் எனக்கு ஒன்றும் வராது. என்னால் அடிபடுகிறவருக்கு உண்டு. எனக்கு வேண்டியதும் அதுதான். 1,300 சிசி காருக்கு ஆண்டுச் சாலை வரி எவ்வளவு தெரியுமா? 70 வெள்ளி! அதைக் கட்டாமல்தான் ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாட இருந்தேன்.

முதன்முறையாக அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, அவர்கள் முன்கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்கள். அப்பா ஒட்டிய பழைய சாலை வரி வில்லைதான் வெளுத்துப்போய் அங்கே இருந்தது. "புதுசு ஒட்டலையாய்யா?" என்றார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து நம் சொந்த வாகனங்களுக்கு அதை ஒட்ட வேண்டியதில்லை, கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். "எதுல இருந்தா என்ன, இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

தோட்டத்து அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் அப்படியொரு கார் நிற்கலாம். இறந்துபோனவர் பெயரிலேயே இருந்தால், முதலில் அமானா ராயா, நில அலுவலகம் அல்லது நீதிமன்றம் வழியாக உரிய கடிதம் பெற்றுப் பெயரை மாற்றுங்கள். ஓட்டப்போவதில்லை என்றால் சாவியைப் பூட்டி வையுங்கள். ஓட்டுவதென்றால் முறைப்படி ஓட்டுங்கள். தோட்டத்துக்குள்தானே என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும் அந்தத் தோட்டத்துக்குள்தான்.