வேட்டியில் விழுந்த மேரியோ

எங்கள் ஊர் உத்திரமேரூர். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வரும். கிராம சபைக்குக் குடவோலை முறையில் ஆள் எடுப்பது எப்படி என்று கி.பி. 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்த ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் பார்க்கலாம். 921 கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் நெருங்கிய சொந்தக்காரர்களும் அவுட்!

பி.காம். படித்த எனக்கு அந்தக் கணக்கு விதி மேல் தனி மரியாதை. புரொஜெக்டர் வாங்கும் வரைதான்.

செகண்ட் ஹேண்ட் புரொஜெக்டர், சார். கொடுத்த விலை ஒன்று, மனைவியிடம் சொன்ன விலை பாதி. 'பெரிய திரையில் வீடியோ கேம் ஆடணும்' என்பது பத்தாங்கிளாஸில் பாதியில் அறுந்த ஆசை. அறுத்தவர் என் அப்பா. பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது, என் டிவி கேமைப் பரணில் தூக்கிப் போட்டு ஏணியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

பரணிலிருந்து அதை இறக்கினேன். தூசி தட்டி, காட்ரிட்ஜில் 'ஃபூ' என்று ஊதி (இந்த வைத்தியம் யார் சொல்லிக் கொடுத்தது என்று யாருக்குமே தெரியாது, ஆனால் எல்லோரும் ஊதினோம்), மஞ்சள் ஒயரைச் சொருகினேன். 1985-ல் ஜப்பானில் பிறந்த சூப்பர் மேரியோ எங்கள் வீட்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு நின்றார்.

நின்றார், அவ்வளவுதான். சுண்ணாம்பில் நீலம் கொஞ்சம் தூக்கலாகக் கலந்திருந்ததால் குளிரில் விறைத்தவர் மாதிரி இருந்தார். பட்டனை அமுக்கினால், யோசித்து, பிறகு குதித்தார். அதற்குள் குழி வந்துவிட்டது. ஏழு தடவை செத்தார்.

அட்டைப் பெட்டியைப் படித்தேன். '4கே சப்போர்ட்' என்று கொட்டை எழுத்து. சப்போர்ட் என்றால் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், காட்டும் என்று அல்ல. உள்ளே இருப்பது வெறும் 720. பாலன்ஸ் ஷீட்டில் அடிக்குறிப்பைப் படிக்காத கணக்கன் ஆனேன்!

"என்னங்க, இதுக்கா இவ்ளோ அமர்க்களம்?" என்றாள் மனைவி.

அப்போதுதான் திண்ணையிலிருந்து அப்பா எழுந்து வந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 72. அம்மா போய் இரண்டு வருஷம். அதிலிருந்து 'சாப்பாடு', 'மாத்திரை' தவிர மூன்றாவது வார்த்தை பேசுவதில்லை. அவர் வாலிபத்தில் பக்கத்து ஊர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அப்புறம் அவர் அரிசி மில்லுக்குப் போனார். சினிமாப் பேச்சே எடுத்ததில்லை.

மெஷினைப் பார்த்தார். அதை ஸ்டூலில் வைத்து, மூக்கைத் தூக்குவதற்காகக் கீழே பஞ்சாங்கத்தைச் சொருகியிருந்தேன். சுவரில் மேலே அகலம், கீழே குறுகல் என்று கோணலாக விழுந்த படத்தை ரிமோட்டில் நிமிர்த்தியிருந்தேன்.

"டேய், மெஷினைக் கோணலா வச்சிட்டுப் படத்தை ஏன்டா நிமிர்த்தறே? மெஷினை நேரா வை."

இரண்டு வருஷத்தில் அதுதான் நீளமான வாக்கியம்!

விஷயம் என்னவென்றால், படத்தைக் கோணல் நிமிர்த்துவதற்குப் பல புரொஜெக்டர்கள் உள்ளே ஒரு கணக்குப் போடுகின்றன. பழைய டிவி கேமின் படத்தைத் தன் அளவுக்கு மாற்ற இன்னொரு கணக்கு. விநாடிக்கு 50 படம் என்றால், ஐந்து படம் பின்தங்கினாலே பத்தில் ஒரு பங்கு விநாடி போச்சு. மேரியோவுக்குக் குழி அங்கேதான். பழைய பிக்சர் டியூப் டிவிக்கு இந்தக் கணக்கே கிடையாது. வந்ததை வந்தபடி காட்டும். (அதனால்தான் வாத்து சுடும் துப்பாக்கி புரொஜெக்டரில் வேலை செய்வதில்லை. டியூப் வெளிச்சம் வந்துசேரும் நேரத்தை நம்பிய துப்பாக்கி அது.)

பஞ்சாங்கம் போனது. ஸ்டூல் மேல் மரப்பெட்டி வந்தது. "நீலச் சுவத்துல போடாதே" என்று அப்பா தன் எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினார். ஓரத்துக்குப் பழைய குடைத் துணி. "சுத்திக் கறுப்பு இருந்தாத்தான் வெள்ளை வெள்ளையாத் தெரியும்." நான் மெனுவில் கோணல் கணக்கை நிறுத்தி, கேம் மோடைப் போட்டேன்.

மேரியோ குதித்தார். குழிக்கு அந்தப் பக்கம்!

தாமதம் முழுசாகப் போகவில்லை. ஆனால் அப்பா பேச ஆரம்பித்தார். இரண்டு கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய, இடைவெளி விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற நாலு இடைவேளையாம். "இருட்டாச்சுன்னா விசில் அடிப்பானுங்க. உங்கம்மா தரை டிக்கெட்ல உக்காந்து, கேபினைத் திரும்பிப் பாப்பா."

இது எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷமாகத் தெரியாது. ஜாய்ஸ்டிக் கையில் இருந்தது, மேரியோ ஆமை மேல் மோதிச் செத்தார். யாரும் கவனிக்கவில்லை.

1905-ல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். ஆபீஸ் வேலைக்காரனுக்கு இந்த வியாதி நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. அவர் வீட்டில் என்ன விலை சொன்னாரோ!

நான் மறுநாளே உண்மை விலையைச் சொல்லிவிட்டேன். மனைவி கோபப்படவில்லை. "மாமா ராத்திரி ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டாரு. கணக்கு சரியாப் போச்சு" என்றாள்.

அன்று இரவு நான் லேப்டாப்பில் ஆபீஸ் வேலையாக இருந்தேன். மணி ஒன்பது. திண்ணையிலிருந்து குரல்:

"ஏன்டா... இன்னிக்கு ஷோ இல்லையா?"