மீன் இல்லாத தொட்டி

கொல்கத்தாவில் அக்காள் வீட்டில் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று, காலிஃப் தெருச் சந்தையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையும் இரண்டு தங்கமீன்களும் வாங்கிவந்தோம். ஏழு வயதான அக்காள் மகளின் நெடுநாள் ஆசை அது. குழாய்நீரை நிரப்பி அன்றே மீன்களை விட்டோம்.

ஐந்தாம் நாள், அவள் பள்ளியில் இருக்கையில், ஒன்று இறந்து மிதந்தது. அவள் திரும்புமுன் அதே நிறத்தில் வேறொன்றை வாங்கிவந்து விட்டுவிடலாம் என்றார் அத்தான். நானும் உடன்பட்டேன், கடைக்குச் சென்றவளும் நானே. மூன்று நாளில் அதுவும் இறந்தது. மறுநாள் எஞ்சிய ஒன்றும்.

"சித்தி, பழைய மீனுக்கு வால்ல வெள்ளைப் புள்ளி இருந்துச்சு. புதுசுக்கு இல்ல. அன்னைக்கே பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணத்தைத் தேடிப் படித்தேன். மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அந்த நஞ்சை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், நஞ்சான அந்த நைட்ரைட்டை வேறுவகை நுண்ணுயிரிகள் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை புதிய தொட்டியில் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நாங்கள் ஒரு நாளும் காத்திருக்கவில்லை. குழாய்நீரின் குளோரினையும் நீக்கவில்லை. முதல் இறப்பை மறைக்க முனைந்த எங்களுக்கு அதன் காரணத்தைக் கேட்கத் தோன்றவில்லை. ஆய்வில் பொருந்தாத தரவை அகற்றிவிட்டுப் பொருந்தும் ஒன்றை வைப்பவரை நான் மன்னிக்கமாட்டேன். வீட்டில் அதையே செய்திருந்தேன்.

மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பிறகு இரண்டடி நீளத் தொட்டி ஒன்றும் பஞ்சு வடிகட்டியும் வாங்கினோம். குளோரின் நீக்கிய நீரில், மீன் எதுவும் இல்லாமல், நாள்தோறும் ஒரு சிட்டிகை உணவு மட்டும் இட்டோம். அது அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிரிகளுக்கு இரை. சோதனைக் குப்பியில் நீர் பச்சையாக மாறினால் அம்மோனியா உண்டு, மஞ்சளாக நின்றால் இல்லை. அந்நிறத்தை அவள் தன் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதினாள். வெறும் நீரை ஏன் காட்சிக்கு வைத்திருக்கிறீர்கள் என்று அண்டை வீட்டார் சிரித்தனர்.

வளர்தல் தன்வினை, வளர்த்தல் பிறவினை என்று படித்தவள் நான். மீனை நாம் வளர்க்கிறோம் என்பது இலக்கணப்படி சரி. உண்மையில் நம் கையில் இருப்பது நீர் மட்டுமே. அது சீராக இருந்தால் மீன் தானே வளர்கிறது.

ஆறாம் வாரம் மஞ்சள் நிலைத்தது, நைட்ரைட்டும் இல்லை. ஆண் கப்பி மீன்கள் நான்கை அவளே தேர்ந்தெடுத்தாள்.

சென்ற மாதம் அவற்றுள் ஒன்று இறந்தது. விடியலில் முதலில் கண்டவள் நான். அவளை எழுப்பிச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, சோதனைக் குப்பியை எடுத்துவரச் சொன்னாள்.